சாப்பாட்டு ஜெபம்

கைகள் வந்துகொண்டிருக்கின்றன, ஞாயிறு ஆராதனையில் பீடத்திலிருந்து போதகர் ஐயர் கொடுத்த சமாதான வாழ்த்து கையிலிருந்து கைக்கு, பெஞ்சிலிருந்து பெஞ்சுக்கு, ஒருவர் தன் உள்ளங்கைகளுக்குள் அடுத்தவர் கையை வாங்கி, திரும்பிப் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுத்து, கடைசிப் பெஞ்சின் சுவரோரத்தில் என்னிடம் வந்து நின்றுவிடும், எனக்கு அப்புறம் சுவர்தான், அதற்காகவே பத்து வருடமாக அந்த இடத்தைப் பிடித்து வைத்திருந்தேன், மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டி நகக்கண்ணெல்லாம் வார்னிஷ் ஏறிய கையை யாரிடமும் நீட்ட வேண்டாம், வாங்கிக்கொண்டால் போதும். இன்றைக்கு அந்த இடத்தில் ஆசீர் அண்ணாச்சி உட்கார்ந்திருக்கிறார், மனைவியை அடக்கம் பண்ணிய பிறகு இன்றைக்குத்தான் கோயிலுக்கு வந்திருக்கிறார், சமாதானம் முடிந்ததும் நோயாளிகளைச் சந்திக்கும் குழுவின் பெயர்களை ஐயர் வாசிப்பார், சம்மதமுள்ளவர்கள் எழுந்து நிற்க வேண்டும், என் பெயரும் இருக்கிறது, நிற்பேனா மாட்டேனா என்று எனக்கே தெரியவில்லை.

அந்தக் குழுவில் சேரச் சொல்லி ஐயர் என் கடைக்கு வந்து கேட்ட அன்று நான் ஒரு டேபிள் ஃபேனைப் பிரித்துப் போட்டிருந்தேன், ஐயா, எனக்கு வாயே வராதே, நாலு பேரு முன்னால ஜெபம் பண்ணுன்னா நாக்கு ஒட்டிக்கிடும் என்றேன், வாய் உள்ளவங்க குழுவுல ஒம்பது பேரு இருக்காங்க தம்பி, செவ்வாய்க்கெழம ஒரே ஒரு வீடு, போயிட்டு வந்து சொல்லுங்க என்று ஐயர் சிரித்தார், அந்த ஒரு வீடு ஆசீர் அண்ணாச்சி வீடு, கட்டிலில் அவர் மனைவி கிரேனாப் மதினி, மூன்று நாளாக ஒரு வாய் இறங்கவில்லை, தலையில கைய வச்சு ஜெபம் பண்ணும் வே என்கிறார் அண்ணாச்சி, கண்ணை மூடுகிறேன், வழிநெடுக மனப்பாடம் பண்ணியதைத் தேடுகிறேன், கிருபை, சுகம், தழும்புகள், ஒன்றும் இல்லை, எரிந்துபோன காயில் மாதிரி ஒரே கருப்பு, பிறகு வாய் தானாகத் திறக்கிறது, ஆண்டவரே, நீர் தந்த இந்த ஆகாரத்துக்காக ஸ்தோத்திரம், இதை ஆசீர்வதியும், இல்லாதவர்களுக்கும் தாரும், ஆமென், பேச்சு வந்த நாளிலிருந்து மூன்று வேளையும் தட்டின் முன்னால் சொன்னது, கண்ணைத் திறந்தால் அண்ணாச்சி என்னையே பார்க்கிறார், சாகக் கிடக்கிற மனுஷியை ஆகாரம் என்று சொல்லிவிட்டேனே, வாசலில் செருப்பைத் தேடுகிறேன், அப்போது மதினி கண் திறக்கிறார், ஜெபம் பண்ணியாச்சுல்லா, கஞ்சி எங்க.

நாலு கரண்டி குடித்தார், அடுத்த செவ்வாய் ஆறு கரண்டி, கிரேனாப்பு, ஒன் சாப்பாட்டு ஜெபக்காரரு வந்துட்டாரு என்று அண்ணாச்சி வாசலிலிருந்தே சத்தம் கொடுப்பார், மதினி வாயை மூடிக்கொண்டு சிரிப்பார், அப்படி ஐந்து செவ்வாய், ஆறாவது செவ்வாய் அடக்க ஆராதனை. மதினி பிழைக்கவில்லை, அப்படியென்றால் அந்த ஜெபம் என்ன, தப்பா, தப்பென்றால் கஞ்சி எப்படி இறங்கியது, என் வாய்க்கு அந்த வார்த்தையை யார் எடுத்துக் கொடுத்தது, காயில் கட்டுகிறவனுக்கு ஒன்று தெரியும், கம்பிக்கென்று சொந்தமாகக் கரண்டு கிடையாது, வரும்போது கடத்திவிடும், அவ்வளவுதான், ஆனால் எங்கிருந்து, அதைத்தான் கழற்றிப் பார்க்க முடியவில்லை.

கைகள் வந்துவிட்டன, வாங்கிக்கொண்டேன், சுவர்ப் பக்கம் அண்ணாச்சியிடம் திரும்பி வார்னிஷ் கையை நீட்டுகிறேன், அண்ணாச்சியின் கை ஜில்லென்று இருக்கிறது, காலருக்கு மேலே எலும்பு துருத்திக்கொண்டிருக்கிறது, எப்பம் சாப்பிட்டிய அண்ணாச்சி என்று மெதுவாகக் கேட்கிறேன், எதையாவது ஜெபமா சொல்லும் வே என்கிறார், தேடுகிறேன், ஒன்றும் இல்லை, பிறகு அதுவேதான் வருகிறது, ஆண்டவரே, நீர் தந்த இந்த ஆகாரத்துக்காக, இப்பமும் அதானா வே என்கிறார், உதடு கோணுகிறது, சிரிப்பா அழுகையா தெரியவில்லை, வேற தெரியாதே அண்ணாச்சி, கோயில் விட்டதும் நம்ம வீட்டுக்கு வாங்க, கஞ்சி இருக்கு, அவர் சரியென்று தலையை ஆட்டுகிறார், ஐயர் வாசிக்க ஆரம்பித்துவிட்டார், மூன்றாவதாக என் பெயர், அண்ணாச்சி கையை விடவில்லை, நான் எழுந்திருக்கிறேன், பெயர் வாசிக்கப்படாத அவரும் என் கையோடு எழுந்து நிற்கிறார், கடைசிப் பெஞ்சில், சுவரோரத்தில்.