ஏழில் ஒரு பக்கம்

யாரையும் எளிதில் நம்பாமல்தான் நான் இந்த நாற்காலிவரை வந்தேன். செயலாளராகத் தொடங்கி, நான்கு கம்பெனிகளின் இயக்குநர் குழுவில் இருந்து, இப்போது இங்கே குழுத் தலைவர். எல்லாரும் ஒன்றாகத் தலையாட்டினாலே எனக்குச் சந்தேகம் தட்டும். "சாப்பாட்டுல உப்பு கம்மின்னு சொன்னாகூட இவ ஆதாரம் கேப்பா" என்று என் வீட்டுக்காரர் போகிற இடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். சிரிக்கட்டும்.

அன்று பத்து மணிக்குக் கூட்டம். ஒன்பதுக்கே போய்க் காகிதங்களைப் புரட்டினேன். நான்காவது தீர்மானம்: ஆலையின் பாய்லரை இன்னும் ஓராண்டு ஓட்ட அனுமதி. அதன் பக்கத்தில் ஷிப்டுக்கு எட்டுப் பேர் நின்று வேலை செய்கிறார்கள். ஆய்வு செய்த என்ஜினீயரின் அறிக்கை ஒரே தாள். "நிபந்தனைகளுக்கு உட்பட்டு இயக்கலாம்" என்றிருந்தது. கீழே ஓரத்தில், பொடி எழுத்தில், 1/7.

எனக்குச் சுருக்கென்றது. மீதி ஆறு பக்கம் எங்கே? பாய்லர் நின்றால் எம்.டி.யின் தலைதான் உருளும். செயலாளர் நான் வேலை பழக்கிய ஆள். அவரையும் எம்.டி. கைக்குள் போட்டுக்கொண்டாரா? இரண்டு பேரையும் இன்றைக்கே உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவது என்று முடிவு செய்து, செயலாளரைக் கூப்பிட்டேன்.

"மீதிப் பக்கமெல்லாம் எங்க?"

"என் மேஜையிலதான் இருக்கு மேடம்." எடுத்து வந்தார். ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

ஐந்தாம் பக்கத்தில் நிபந்தனை: பாய்லரின் வெல்டிங் இணைப்பில் விரல் நீள விரிசல், சரிசெய்யும்வரை இயக்கக் கூடாது.

"இதை யாரு எடுக்கச் சொன்னது? எம்.டி.யா? மறைக்காம சொல்லுங்க."

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "நீங்கதான் மேடம். ஒரு விஷயத்துக்கு ஒரு பக்கம். மீதியை யாராவது கேட்டா மட்டும் குடுக்கணும்னு நீங்க போட்ட விதி."

உண்மைதான். குழுவின் நேரத்தை மிச்சப்படுத்திய விதி. அதைப் பற்றி எத்தனை மேடைகளில் பேசிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன்!

"போன வருஷம்?"

"அப்பவும் ஏழு பக்கம். முதல் பக்கம்தான் வச்சேன். யாரும் கேக்கலை."

அதையும் வாங்கிப் பார்த்தேன். அதே இணைப்பு. மயிரிழை விரிசல். தீர்மானத்தில் என் கையெழுத்து, அழகாக. எனக்குக் கூசிப்போயிற்று. ஒரு வருஷமாக ஷிப்டுக்கு எட்டுப் பேர் அதன் பக்கத்தில்தான் நிற்கிறார்கள்.

எம்.டி.யை ஃபோனில் பிடித்துப் பாய்லரை அணைக்கச் சொன்னேன். "இதோ மேடம்" என்று மறுபேச்சில்லாமல் வைத்தார். அடுத்து என்ஜினீயரைப் பிடித்தேன். இன்னும் யார்மேலாவது எரிந்துவிழ வேண்டும் போலிருந்தது.

"இவ்வளவு பெரிய விஷயம். எனக்கு நேரா ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"போன வருஷமே கூப்பிடலாம்னுதான் இருந்தேன் மேடம். தலைவர் நீங்கன்னு சொன்னாங்க. அந்தம்மா ஒரு வரி விடாம துருவிப் பாப்பாங்க, நீ கவலைப்படாதேன்னாங்க. அதான் நிம்மதியா இருந்துட்டேன்."