மூன்றாம் பாட்டுக்கு ஒற்றைக் கண்

மூன்றாம் பாட்டு தொடங்கியதும் பல் டாக்டர் இடது கண்ணை மட்டும் திறந்தார். கண்ணை மூடித்தான் கேட்கவேண்டும் என்று எட்டு மாதத்துக்கு முன் சட்டம் போட்டவரே அவர்தான். ஞாயிறு நாலு மணிக்கு அவர் வீட்டுக் கூடத்தில் ஒரு பழைய ஆங்கில நாட்டுப்புற ராக் இசைத்தட்டு சுழலும். ஆடிட்டரும் ஓய்வுபெற்ற பேராசிரியரும், பல் பிடுங்கக் காத்திருப்பவர்கள்போல் முகத்தை வைத்துக்கொண்டு சோபாவில் அமர்ந்திருப்பார்கள். பாடகனின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து கனத்து இழுபட்டு வரும்.

"வாழ்க்கையில அடிபட்ட குரல்" என்பார் ஆடிட்டர்.

"அடிபட்டு எழுந்த குரல்" என்று திருத்துவார் பேராசிரியர்.

டாக்டர் கண் திறந்தது மனைவிக்காக. சமையலறை வாசலில் நின்றாள். சினிமாப் பாட்டுக்கு மேல் எதுவும் அறியாதவள் என்று இருபது வருடமாக அவர் நம்பியிருந்தவள், மூன்றாம் பாட்டுக்கு மட்டும் புறங்கையால் கண்ணைத் துடைக்கிறாள். முதல் வாரம், ஒவ்வொரு பாட்டுக்கும் முன் தான் சொல்லும் விளக்கவுரை வேலை செய்கிறது என்று பூரித்தார். நாலாம் வாரம் சந்தேகம் முளைத்தது. தட்டின் உறையிலிருந்த பாட்டு வரிகளைப் படித்தார்: ரயிலேறிப் போகிறவன் திரும்பி வருவதாகச் சொல்கிறான். எந்த ரயில்? எவன்?

போன வாரம் கேட்டே விட்டார். "எதுக்கு அழுதே?"

"யார் அழுதா? வெங்காயம்."

"டீக்கு எதுக்கு வெங்காயம்?"

"அந்த ஆராய்ச்சி உங்களுக்கு எதுக்கு?"

இன்று பாட்டின் பாதியில் ஊசி கரகரத்தது. கீழ்வீட்டு ரேடியோ ரிப்பேர்க்காரர் வந்தார், ஊசியை மாற்றினார், தட்டின் நடுவிலிருந்த எழுத்தை மூக்கருகே வைத்துப் படித்துவிட்டுச் சிரித்தார்.

"டாக்டர், இது நிமிஷத்துக்கு நாப்பத்தஞ்சு சுத்து வேகத்துல ஓடவேண்டியது. நீங்க முப்பத்துமூணுல ஓட்டுறீங்க."

"பெரிய தட்டுன்னா முப்பத்துமூணுதானே?"

"எல்லாத்துக்கும் இல்ல சார். இங்கயே போட்டிருக்கான் பாருங்க. எத்தனை நாளா இந்தக் கூத்து?"

ஆடிட்டர் விரல்விட்டு எண்ணத் தொடங்கி, பாதியில் கையை மடக்கிக்கொண்டார்.

ரிப்பேர்க்காரர் வேகத்தை மாற்றி, ஊசியை மூன்றாம் பாட்டில் வைத்தார். கிணற்றிலிருந்தவன் ஒரே தாவலில் வெளியே வந்தான்; இருபது வயதுக் குரல், குதித்தோடும் கிட்டார். ஆடுவதற்கென்றே பாடியது. ஆடிட்டர் தன் காலுறையை ஆராய்ந்தார்.

"இந்த வேகத்துலயும் ஒரு துயரம் ஓடத்தான் செய்யுது" என்றார் பேராசிரியர்.

"ஓடுது சார். நம்மால பிடிக்க முடியல" என்றார் ரிப்பேர்க்காரர்.

டாக்டர் வாசலைப் பார்த்தார். மனைவி அழவில்லை. டீத் தட்டோடு நின்றவளின் பாதம் தரையில் தாளம் போட்டது. நடுவில் எல்லா வாத்தியமும் ஒரு கணம் நின்றது. அந்த இடைவெளியில் அவள் விரல் டீத் தட்டின் விளிம்பில் இரண்டு முறை தட்டியது. இசைத்தட்டில் அந்தத் தட்டல் இல்லை. பலர் கூடிய ஓர் அறையில், சேர்ந்து கைதட்டிப் பழகியவர்களுக்கே வரக்கூடியது அது.

"இப்பதான் சரியா இருக்கு" என்றாள், யாரிடமும் இல்லாமல்.

பழைய வேகத்துக்கே திருப்ப டாக்டரின் கை பொத்தான்மேல் போய் நின்றது. எதிரே, எட்டு மாதத்தில் முதன்முறையாக, அவர் போட்ட சட்டப்படி அவள் கண்களை மூடியிருந்தாள்.