பிறந்தநாள் காணிக்கை

சவப்பெட்டியைச் சுற்றி அடித்திருந்த மரக்கூடு வாசலில் நுழையவில்லை. திருமுடிவாக்கத்துப் பட்டறையில் சீலனோடு வேலை பார்த்த குப்புராஜ், தெருவில் வைத்தே பலகை பலகையாக அதைக் கழற்றிக்கொண்டிருந்தான். மேல்பலகையில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் உறையைப் பிய்த்து ரோஸியிடம் நீட்டினான்.

"அக்கா, இதுல இன்னாவோ பேப்பர் கீது."

"அது ஆஃபீஸ் காப்பி மேடம், என்கிட்ட குடுங்க" என்று லாசரஸ் கையை நீட்டுவதற்குள் ரோஸி பிரித்துவிட்டாள். தம்பியின் முழுப்பெயர், ஜெபசீலன். இறந்த காரணம், துப்பாக்கிக் குண்டு. இறந்த தேதி, ஏப்ரல் பதினேழு.

மூன்று தடவை படித்தாள். இன்றைக்கு ஜூலை இரண்டு. அவன் இறந்துவிட்டான் என்று லாசரஸின் ஆஃபீஸிலிருந்து போன் செய்தது போன வாரம்தான்.

சீலன் பம்பு மெக்கானிக். அகதி முகாம்களுக்கு போர்வெல் போட்டுக்கொடுக்கும் உதவி நிறுவனம் ஒன்றில் சேர்ந்து, மழையே பார்க்காத ஒரு நாட்டுக்குப் போனவன். போன ஆகஸ்டில் அங்கே ரோட்டில் வண்டியை மறித்து, அவனையும் டிரைவர் இத்ரிஸையும் பிணைக்கைதிகளாகப் பிடித்துக்கொண்டு போனார்கள். மறுநாளே நிறுவனத்தின் சென்னை அதிகாரியான இந்த லாசரஸ் தாம்பரத்துக்கு வந்து, அக்காவையும் அம்மாவையும் எதிரில் உட்கார வைத்துச் சொன்னார். டிவிக்கோ பேப்பருக்கோ சர்ச்சுக்கோ மூச்சு விடக் கூடாது, வெளியே தெரிந்தால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை.

ரோஸி வாயைத் தைத்துக்கொண்டாள். காட்டாங்குளத்தூர் காலேஜ் லேபில் கூட வேலை செய்பவர்களிடம் தம்பி கேம்பில் பிஸி என்றாள். ஞாயிறுதோறும் சபையில் ஜெபக்குறிப்பு வாசிக்கும்போது அவன் பெயரைக் கொடுக்க வழியில்லாமல், அடுத்தவர்களின் மூட்டுவலிக்கும் விசாவுக்கும் ஜெபம் செய்துவிட்டு வந்தாள். வீட்டில் அம்மா மிக்ஸியை ஓடவிட்டு அழுவாள், பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாதே என்று.

மே பதினெட்டு சீலனின் பிறந்தநாள். அவர்கள் சபையில் பிறந்தநாள்காரர்கள் காணிக்கைக் கவர் கொடுப்பார்கள். ஆயர் பெயரை வாசித்ததும் எல்லோரும் எழுந்து கைதட்டி ஒரு சரணம் பாடுவார்கள். வெளிநாட்டில் இருந்தாலும் மகன் பெயரில் அம்மா வருஷம் தவறாமல் கொடுப்பாள். இந்த வருஷம் என்ன செய்வதென்று ரோஸி லாசரஸிடமே போனில் கேட்டாள். எதற்கும் அவரைக் கேட்டே பழகிவிட்டிருந்தது.

"எப்பவும்போல குடுங்க மேடம். இல்லைன்னா சர்ச்சுல சந்தேகம் வரும்" என்றார் அன்றைக்கு. கொடுத்தார்கள். அன்று சபையே பாடியது. அம்மா கேக் வாங்கிப்போய் எல்லோருக்கும் வெட்டிக் கொடுத்தாள்.

"சார், மே பதினெட்டு அன்னிக்கு உங்களுக்குத் தெரியுமா?" என்று ரோஸி இப்போது கேட்டாள்.

லாசரஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இன்ஃபர்மேஷன் வந்திருந்துச்சு மேடம். ஆனா கன்ஃபர்ம் ஆகறதுக்கு முன்னாடி ஃபேமிலிக்கு…"

"தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

அந்தக் கண்ணாடியோடு சேர்த்து ஓர் அறை விட வேண்டும் என்று இருந்தது. உள்ளேயிருந்து அம்மா பார்த்துக்கொண்டிருந்ததால் கையை அடக்கிக்கொண்டாள். அவரோ, மனசாட்சி உள்ளவன் வாயை மூடியிருக்க வேண்டிய அந்த நேரத்தில், பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். அடக்க ஆராதனையில் வீட்டார் ஒருவர் வாசிக்கிற வாழ்க்கைக் குறிப்பு. நிறுவனமே டைப் அடித்துக் கொண்டுவந்திருந்தது. கடைசி வரியில், காய்ச்சலால் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்று இருந்தது.

"காய்ச்சலா? நல்லா கீது சார் உங்க காய்ச்சல்" என்றாள் ரோஸி.

"டிரைவர் இன்னும் அவங்க கையில இருக்காரு. நீங்க ஏதாவது சொல்லி அவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா, நீங்கதான் பொறுப்பு."

பதினோரு மாதமாக அவளை ஊமையாக வைத்திருந்த அதே பேச்சு.

"அந்த டிரைவர் பேர் இன்னா சார்?"

"அவர் லோக்கல் ஸ்டாஃப் மேடம். ஃபைல் பார்த்தாத்தான்…"

"இத்ரிஸ். மூணு பொண்ணுங்க. சீலன் வீடியோ கால்ல காட்டுவான்."

தாளை வாங்கி மடித்து வைத்துக்கொண்டாள்.

நாலு மணிக்குக் கோயில் நிறைந்துவிட்டது. மூடிய பெட்டிக்குப் பக்கத்தில் நின்று ரோஸி வாசித்தாள். பிறந்த வருஷம், படித்த பள்ளிக்கூடம், பட்டறை, போட்டுக்கொடுத்த நாற்பத்தியொரு போர்வெல். கடைசி வரி வந்ததும் நிறுத்தினாள். எங்கோ தூரதேசத்தில் இத்ரிஸின் மூன்று பெண்பிள்ளைகள் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்தபடி தாளை மடித்தாள்.

"இதுல ஒரு காரணம் போட்டிருக்காங்க. அதை நான் படிக்க மாட்டேன். எப்படி செத்தான்னு இன்னிக்கு சொல்லவும் மாட்டேன். இன்னொரு வூட்டுக்காக வாயை மூடிக்கிறேன், இவங்க ஆஃபீஸுக்காக இல்ல. ஆனா இது என் தம்பி விஷயம், இதை சொல்லுவேன். மே பதினெட்டு நீங்கல்லாம் கைதட்டிப் பாடினீங்களே, அன்னிக்கு அவன் செத்து முப்பத்தோரு நாள். எனக்குத் தெரியாது, எங்கம்மாவுக்குத் தெரியாது. அதோ மூணாவது பெஞ்சுல உக்காந்துகினு கீறாரே, அவருக்குத் தெரியும். காணிக்கை குடுங்கன்னு சொன்னதே அவருதான்."

சபை மொத்தமும் திரும்பியது. லாசரஸ் குனிந்து போனைப் பார்த்தார். ஆயர் அசரியா வேதப்புத்தகத்தைத் திறந்து, எதையும் வாசிக்காமல் திரும்ப மூடினார். முன்வரிசையில் அம்மா தலையை நிமிர்த்தி அந்த மூன்றாவது பெஞ்சைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கல்லறைத் தோட்டத்தில் ஒவ்வொருவராகக் கைப்பிடி மண் போடும்போது லாசரஸ் காரிலிருந்து ஒரு மலர்வளையத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். நிறுவனத்தின் பெயரைப் பொன்னெழுத்தில் அச்சடித்த நீல ரிப்பனை அதில் குறுக்கே குத்தியிருந்தார்கள். குப்புராஜ் வழியை மறித்து நின்றான்.

"விடுப்பா" என்றாள் அம்மா. அன்றைக்கு அவள் பேசிய முதல் வார்த்தை.

வளையத்தை வாங்கி மடியில் வைத்து, குழியோரம் உட்கார்ந்தாள். ரிப்பனைக் குத்தியிருந்த குண்டூசிகளை நிதானமாக ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். பூவை மட்டும் பெட்டியின் மேல் இறக்கிவிட்டு, ரிப்பனை அவரிடம் நீட்டினாள்.

"இது உங்களுது."

அவர் வாங்கிக்கொண்டார். ஆட்கள் மண்ணைத் தள்ள ஆரம்பித்திருந்தார்கள். எங்கே வைப்பதென்று தெரியாமல் அவர் அந்த ரிப்பனை விரலில் சுற்றிக்கொண்டே நின்றார்.