பங்கு போன பலகாரம்

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று என் மனுசன் உயிரோடு இருந்த காலத்தில் சொல்லுவார். பொய். என் கோபம் வாயில் இருக்கிறது. மூக்கோடு நின்றிருந்தால் யாருக்கு என்ன நட்டம்? போன வருடம் ஆனி மாதம் அந்த வாயால்தான் என் ஒரே பிள்ளை தனூஜனிடம், "அவளைக் கட்டுறதெண்டால் உனக்குத் தாய் செத்துப்போனாள் எண்டு நினைச்சுக்கொள்" என்று சொன்னேன். அவன் ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு படி இறங்கிப் போனான். எட்டு மாதம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபோனில் "சுகமா அம்மா?" என்று எழுதுவான். நான் "ஓம்" என்று எழுதுவேன். முகத்தைக் காணவில்லை.

அவள் என்றது மெலிசாவை. வியட்நாம்காரரின் பிள்ளை, பிறந்து வளர்ந்தது பாரிசுக்குப் பக்கத்துப் பொபினியில். கூடாத பிள்ளை என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை. கோயிலில் எனக்குப் பக்கத்தில் இருந்து தமிழில் செபமாலை சொல்லக்கூடிய ஒருத்தியை மனதில் வைத்திருந்தேன், அவ்வளவுதான். அதைவிட, எல்லாம் முடிவெடுத்த பிறகு கடைசி ஆளாக எனக்குச் சொன்னானே, அதுதான் சுட்டது.

மாசி மாதம் ஒரு சனிக்கிழமை. சனிக்கிழமை என்றால் லா ஷப்பேல் தமிழ்க்கடைத் தெருவில் மூச்சு விட நேரமில்லை. கார் து நோரில் ரயில் வந்து நிற்க நிற்க, முருங்கைக்காய்க்கும் மீனுக்கும் சனம் வந்து கொட்டுப்படும். தவரத்தினம் அண்ணையின் கடையில் காசுமேசையில் நிற்பது நான். பதினாலு வருடமாக அதே இடம். வரிசை வாசல் தாண்டி நின்ற நேரம் பார்த்து அவள் வந்தாள்.

சிவப்புத் துணிப்பை ஒன்றை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு, "வணக்கம் அம்மா" என்றாள். இவன் சொல்லிக்கொடுத்திருப்பான். பிறகு பிரெஞ்சில், நாங்கள் வியட்நாமுக்குப் போய் வந்தோம், இது உங்களுக்கு, இதைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும் என்று தொடங்கினாள்.

"பிறகு, பிறகு. எனக்கு வேலை இருக்கு" என்று வெங்காய மூட்டையைக் கைகாட்டினேன்.

பையை அதன் மேல் வைத்தாள். தலை குனிந்து கும்பிடுவது போல ஒன்று செய்துவிட்டுப் போனாள். கையால் வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை.

என்னை விட்டுவிட்டு இரண்டு பேரும் நாடு சுற்றியிருக்கிறார்கள், இப்போது இனிப்பைக் காட்டி மடக்கப் பார்க்கிறார்கள் என்றுதான் எனக்குப் பட்டது. இரண்டு மணிக்குச் சனம் குறைந்ததும் பையைத் திறந்தேன். மஞ்சள் பெட்டிகளில் தங்கக் கடதாசி சுற்றிய சின்னச் சின்னக் கட்டிகள். எள்ளு அப்பிய கடலைப்பாகு. தேங்காய் டொஃபி. கடைசியில் ஒரு பொதி. அதைப் பிரித்ததும் அடித்த நாற்றத்தில் கடையே திரும்பிப் பார்த்தது. துரியான் பழம் வைத்த பணியாரமாம்! எல்லாவற்றிலும் சிவப்புக் கடதாசியில் ஒரே சீன எழுத்து. அவர்களின் வருசப்பிறப்புச் சாமானாக்கும் என்று நினைத்தேன்.

இதை வீட்டுக்குக் கொண்டுபோனால் என் பெயர் மேரிறோஸ் இல்லை.

தவரத்தினம் அண்ணைக்கு எள்ளுப்பாகு. "என்ன பிள்ளை, என்ன விசேசம்?" என்று கேட்டார்.

"விசேசம் ஒண்டுமில்லை, சாப்பிடுங்கோ அண்ணை."

வரிசையில் நின்ற எல்லாருக்கும் டொஃபி. ஒரு பெண் அதன் மெல்லிய தாளை உரிக்க நகத்தால் பாடுபட்டாள். வாழையிலை வாங்க வந்த பாண்டிச்சேரி ஜிஸ்லேன், "உரிக்காதீங்க மாதாம், அது அரிசித் தாளு, அப்படியே வாயில போடுங்க. எங்க மாமா சைகோன்லேருந்து கொண்டாருவாரு" என்று இரண்டு பிடி அள்ளிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். மஞ்சள் பெட்டிகள் முழுவதும் பக்கத்துச் சீலைக்கடைப் பிள்ளைகளுக்கு. துரியானை எதிர்ப்பக்கம் சலூன் இராஜேந்திரனுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாரம் முழுக்க றேடியோவை அலறவிடுகிறவனுக்கு அந்த மணம் வேண்டும்.

அரை மணித்தியாலத்தில் பை வெறுமை. மனம் ஆறிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பை நல்ல பை, தூக்கி எறிய மனமில்லை. மடித்து வைப்போம் என்று உதறியபோது அடியிலிருந்து ஒரு உறை விழுந்தது. தனூஜனின் தமிழ் எழுத்து, சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்த அதே உருண்டை எழுத்து.

"அம்மா, நான் வந்தால் சண்டை வரும். அதாலை மெலிசா தானே கொண்டுவாறன் எண்டவ. நீங்கள் இலங்கைக்குப் போய் வரேக்கை பருத்தித்துறையிலை தட்டைவடை, மன்னாரிலை கருவாடு எண்டு ஊர் ஊரா வாங்கிக்கொண்டு வருவீங்கள். நானும் அப்பிடித்தான் செய்தனான். ஹுவேயிலை எள்ளுப்பாகு, பென் த்ரேயிலை தேங்காய் டொஃபி, சொக் சாங்கிலை துரியான் பணியாரம். மஞ்சள் பெட்டி ஹாய் டுவோங், மெலிசாவின்ர அம்மான்ர ஊர். அது பயறு. அப்பிடியே உங்கட பயத்தம் பணியாரம் அம்மா. ஒண்டு வாயிலை போட்டுப் பாருங்கோ.

"எல்லாத்திலையும் சிவப்புக் கலியாண எழுத்து ஒட்டி, தாம்பாளத்திலை வைச்சு நிச்சயத்துக்கு அவவின்ர வீட்டிலை குடுத்தனான். தாய் இல்லாமல் தனியத்தான் நிண்டனான். அதிலை ஒரு பங்கு மாப்பிளையின்ர தாய்க்குத் திரும்பி வருமாம். தாய் அதைத் தன்ர ஆக்களுக்குப் பங்கிட்டுக் குடுத்தால் கலியாணத்தை எல்லாருக்கும் அறிவிச்ச மாதிரியாம். உங்களுக்குச் சம்மதமெண்டால் குடுங்கோ. இல்லையெண்டால் பையை அப்பிடியே திருப்பி அனுப்புங்கோ. நான் ஒண்டும் கேக்கமாட்டன்."

ஐயோ மாதாவே! அறிவித்தாயிற்று. பாதித் தெருவுக்கு அறிவித்தாயிற்று.

கோதாரி, எல்லாவற்றையும் திருப்பி வாங்குவோம் என்று வெளிக்கிட்டேன். உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிடத்தில்கூட அந்தப் புத்திதான் வந்தது. தவரத்தினம் அண்ணை பல்லில் ஒட்டிய எள்ளைத் துழாவிக்கொண்டிருந்தார். ஜிஸ்லேன் மெட்ரோ ஏறிவிட்டாள். சீலைக்கடையில் வெறும் மஞ்சள் பெட்டிகள், "நல்ல ருசி அக்கா, இன்னும் இருக்கோ?" என்று என்னிடமே கேட்டார்கள். மிச்சம் சலூன்.

இராஜேந்திரனின் மேசையில் பொதி அப்படியே இருந்தது.

"அக்கா, இந்த மணத்தோட ஒருத்தனும் கதிரையிலை இருக்கிறானில்லை. தனூஜன் வந்தால் குடுப்பம் எண்டு வைச்சனான். கொண்டுபோறதெண்டால் கொண்டுபோங்கோ."

"எந்தத் தனூஜன்?"

"இதென்ன கேள்வி? உங்கட மகன்தான்." கத்தரிக்கோலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். "சொல்லாதேங்கோ அண்ணை எண்டவன். இனி என்ன. மாசத்திலை முதல் சனி தவறாமல் வருவான். நீங்கள் தலை நிமிர நேரமில்லாத மத்தியானத்திலை வருவான். இந்தக் கடைசிக் கதிரைதான் வேணும். வேறை கதிரை சும்மா கிடந்தாலும் இருக்கமாட்டான், நிப்பான். வெட்டுறதுக்கு மயிரும் இராது. அப்பிடி இப்பிடித் தட்டிவிட்டு அனுப்புவன்."

"ஏன் அந்தக் கதிரை?"

"இருந்து பாருங்கோ."

இருந்தேன். முன்னால் பெரிய கண்ணாடி. அதில் எனக்குப் பின்னால் தெரு, தெருவுக்கு அப்பால் எங்கள் கடைவாசல், வாசலுக்கு நேரே காசுமேசை. மேசைக்குப் பின்னால் கொழுவியில் என் நீலச் சால்வை. நான் நிற்கிற இடம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது.

எட்டு மாதம் என் பிள்ளை இதில் இருந்து என்னைப் பார்த்திருக்கிறான். நான் சனத்தோடு சண்டை பிடிப்பதை, முழங்கையால் மூக்கைத் துடைப்பதை, எல்லாவற்றையும். செத்துப்போனாள் என்று நினைக்கச் சொன்னவளைப் பார்க்கப் பன்னிரண்டு யூரோ கொடுத்து வந்திருக்கிறான். எனக்கு அழுகை வந்தது. இராஜேந்திரனுக்கு முன்னால் அழக்கூடாது என்று நினைத்தேன், முடியவில்லை. அவன் வாழ்க்கையில் முதல் தடவையாக றேடியோவைக் குறைத்தான்.

கதிரையில் இருந்தபடியே ஃபோன் எடுத்தேன். முதல் மணியிலேயே எடுத்தான்.

"அம்மா?"

"குடுத்திட்டன்" என்றேன்.

"என்னத்தை?"

"எல்லாருக்கும் குடுத்திட்டன். முதல் கோவத்திலைதான் குடுத்தனான், பொய் சொல்லமாட்டன். கடிதம் பிறகுதான் கண்டனான். ஆனால் குடுத்தது குடுத்ததுதான். நான் ஒண்டையும் திருப்பி வாங்கப் போறதில்லை, விளங்குதோ?"

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. சின்ன வயதிலும் அப்படித்தான், அழுகிறான் என்று மூக்குத்தான் காட்டிக்கொடுக்கும்.

"அம்மா, அந்தப் பயத்தம் பணியாரம் சாப்பிட்டுப் பாத்தீங்களோ?"

"எங்கை சாப்பிட? எனக்கு ஒரு கட்டியும் மிஞ்சேல்லை. அந்தப் பிள்ளையைக் கொண்டுவரச் சொல்லு. நாளைக்குப் பூசை முடியக் கொண்டுவரச் சொல்லு. இந்த முறை கையாலை வாங்குறன்."

"நான்?"

கண்ணாடியில் என் வெறும் இடத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"நீ இனித் தலைமயிர் வெட்ட வராதை. மொட்டையாகிப்போவாய். வீட்டை வா."