அவள் சொன்னபடி

மருத்துவர் நீட்டிய ஒப்புதல் படிவத்தைக் கணவர் கையில் வாங்கவில்லை. மேசைமேல் அதை அப்படியே அவள் பக்கமாகத் தள்ளி வைத்தார்.

"நீ சொல்லு. நீ போடச் சொன்னா கையெழுத்துப் போடறேன்."

பத்தொன்பது ஆண்டு இல்வாழ்க்கையில் அவர் அவளிடம் கேட்ட முதல் யோசனை அது. மகளை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று கேட்டதில்லை. சன்னல் திரையின் நிறம்கூட, மாட்டிய பிறகுதான் அவளுக்குத் தெரிய வந்தது. அவர் லிப்ட் மெக்கானிக். பொத்தானை அழுத்துகிறவரிடம் யோசனை கேட்டுப் பழக்கமில்லை.

அவருக்கு வந்திருந்தது நிணநீர்ச் சுரப்பியில் புற்றுநோய், அதிலும் விரைந்து பரவும் வகை. ஆறு சுற்று மருந்தில் கழுத்துக்கட்டி கரைந்துவிட்டது; ஸ்கேனிலும் ஒன்றுமில்லை. ஆயினும் அது திரும்பக்கூடியது, திரும்பிய பின் மருந்துக்கு அடங்குவது கடினம் என்றார் மருத்துவர். ஆகவே இப்போதே கணவருடைய இரத்தத்திலிருந்து, புது இரத்தத்தை உண்டாக்கும் ஸ்டெம் செல்களை எடுத்து உறைய வைத்துவிட்டு, மிகக் கடுமையான மருந்தைக் கொடுத்து, பிறகு அந்தச் செல்களையே உடலுக்குள் திரும்பச் செலுத்தலாம் என்றார். காத்திருந்து பார்க்கச் சொல்லும் மருத்துவர்களும் உண்டு என்பதையும், இந்தச் சிகிச்சையைத் தாங்காதவர்கள் நூற்றில் சிலர் உண்டு என்பதையும் அவர் மறைக்கவில்லை.

வெளியே வராந்தாவில் நாத்தனார் உட்கார்ந்திருந்தாள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையைக் காலையிலிருந்து மூன்று முறை சொல்லியாயிற்று. இவர்கள் உள்ளே வரும் முன், நான்காம் முறை, பழமொழிக்கு ஓய்வு கொடுத்துவிட்டு நேராகவே சொல்லியிருந்தாள்: "நடமாடற மனுஷன நீ படுக்க வெச்சேன்னா, அப்புறம் என் மூஞ்சில முழிக்காத."

அறைக்குள் மனைவி கணவர் பக்கம் திரும்பினாள்.

"அறுந்தப்புறமா நீங்க லிப்ட் கயிறு மாத்துவீங்க? நாலு இழை பிரிஞ்சாலே மாத்தணும்னு எத்தன பேர்கிட்ட சண்டை போட்டிருக்கீங்க."

அவர் சிரித்தார்.

"கயிறு மாத்தறப்ப உள்ள ஆள் இருக்க மாட்டாங்கடி."

மருத்துவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வேண்டாம் என்று சொல்லி நோய் திரும்பினால், அவள் சொன்னதால் திரும்பியது. போடச் சொல்லி அவர் மருந்தில் மடிந்தால், அவள் சொன்னதால் மடிந்தார். எழுந்து நடந்தாலோ, அது டாக்டரின் கைராசி. மேசைக்கடியில் அவருடைய முழங்கால் நிற்காமல் ஆடிக்கொண்டிருப்பதை அவள் கண்டாள். பயத்தைப் பயம் என்று சொல்லத் தெரியாத மனிதர் அதை இறக்கி வைக்க ஒரு தலையைத் தேடினார். பக்கத்தில் இருந்தது அவள் தலை.

"போடுங்க," என்றாள்.

அவர் உடனே கையெழுத்திட்டார். முழங்கால் நின்றது.

பன்னிரண்டாம் நாள் செல் எடுக்கும் அறையில் அவரைப் படுக்க வைத்தார்கள். ஒரு கையிலிருந்து இரத்தம் இயந்திரத்துக்குள் போய், வேண்டியதைக் கொடுத்துவிட்டு, மறு கைவழியே திரும்பிக்கொண்டிருந்தது. நான்கு மணி நேரம் இரு கைகளையும் மடக்கக் கூடாது. மூக்கு அரித்தால் அவள்தான் சொறிந்துவிட வேண்டும். கைப்பேசி ஒலித்தபோது அவருடைய சட்டைப்பையிலிருந்து அதை எடுத்து அவர் காதில் வைத்ததும் அவள்தான்.

"எனக்கா? எனக்கு ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன். அவதான் செஞ்சுக்கணும்னு சொன்னா. நான் என்ன பண்றது, அவ முடிவு."

அடுத்து ஒரு சிற்றப்பா அழைத்தார். பிறகு வேலைத்தலத்திலிருந்து ஒருவர். மூன்றாம் அழைப்புக்குள் அந்த வாக்கியம் தேய்ந்து வழவழப்பாகிவிட்டது. குரலில் ஒரு நிம்மதிகூட வந்திருந்தது.

மேலே தொங்கிய பையில் அவருடைய செல்கள் வெளிர்சிவப்பாய், சொட்டுச் சொட்டாய்ச் சேர்ந்துகொண்டிருந்தன. அவளுக்குத் தோள் கடுத்தது. பேச்சு அறுந்துவிடாமல் கைப்பேசியை இடக்கைக்கு மாற்றி, அவர் காதோடு மறுபடியும் பொருத்திப் பிடித்தாள்.