மூன்று கோடு போட்ட வட்டல்

செல்லமுத்து மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் குழி வெட்டிக்கொண்டிருந்தான். மாசி வெயிலில் மண் கடப்பாரைக்கு இளகவில்லை. தம்பிக்குக் கொள்ளி வைத்துவிட்டு வந்து முழுகிய தலை இன்னும் காயவில்லை.

"கொள்ளி வெச்ச கையோட இங்க என்னடா பள்ளம்?" என்றார் தாய்மாமன் வெள்ளியங்கிரி.

"தம்பி பொழங்குனதயெல்லாம் எரிச்சுப் பொதைக்கச் சொன்னானுங் மாமா."

"நாலு வருசம் பட்டணத்துல அதத்தான் படிச்சானாக்கும்? ஊருக்கே சீக்குப் பாப்பான்னு பாத்தா, தன்ர உசுரப் புடிச்சு வெக்கத் தெரியல."

செல்லமுத்து கடப்பாரையை மறுபடி ஓங்கி இறக்கினான். மாமன் காறித் துப்பிவிட்டுப் போனார்.

தங்கசாமி டாக்டருக்குப் படித்தவன். காசம் வந்து இருமிச் செத்தவர்களின் நெஞ்சைக் கீறிப் பாடம் கேட்டவன். போன ஆடியில் ஊருக்கு வந்தபோது வாசலிலேயே நின்றுவிட்டான்.

"கிட்ட வராதண்ணா. வகுப்புல நோயாளிங்க சளியப் பூதக்கண்ணாடியில பாத்தோம். நான் என்ரதையும் வெச்சுப் பாத்தேன். செவப்புக் குச்சியாட்ட அத்தன கெடந்துது."

களத்துமேட்டுக் குடிசையில் தனியாகப் படுத்தான். தான் சாப்பிடும் வட்டலின் விளிம்பில் ஆணியால் மூன்று கோடு கீறினான். "இத ஆரும் தொடக் கூடாது. அம்மா சொன்னாக் கேக்காது. நீதான் பாத்துக்கோணும்." பத்தடி தள்ளி நின்றே அண்ணனிடம் சத்தியம் வாங்கினான்.

செல்லமுத்து விடிந்தால் கமலை ஓட்டிக் கிணற்று நீர் இறைக்கப் போகிறவன். பொழுது இறங்கித்தான் மாட்டை அவிழ்ப்பான். தம்பிக்குக் கஞ்சி கொண்டுபோனது அம்மாதான். படலுக்கு வெளியே வைத்துவிட்டு வந்துவிடுவதாகச் சொன்னாள். நம்பினான்.

பாயும் கம்பளியும் குழிக்குள் போயின. புத்தகங்களும் போயின. தீயில் ஒரு தாள் புரண்டு, நெஞ்சுக்கூட்டுப் படம் ஒன்று விரிந்து கருகியது.

வட்டலைக் காணோம். குடிசைக்குள் இல்லை. கூரையில் செருகியிருக்கவில்லை.

அன்று அடுப்பு மூட்டாத சமையற்கட்டில் அம்மா பாவாயி சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்த வட்டல். அடியில் ஒட்டியிருந்த நேற்றைய கஞ்சியை விரலால் வழித்து நக்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மா!"

"கத்தாத சாமி. நேத்துச் சாயங்காலம் ரெண்டு வாய்தான் குடிச்சான்."

"அத ஏம்மா நீ..."

"என்ர பையன் எச்சிலு எனக்கு நஞ்சா? மிச்சத்த நாய்க்கு ஊத்தச் சொன்னான். பெத்தவ செய்யற காரியமா அது? எப்பவும் நாந்தான் குடிப்பேன்."

"எப்பவும்னா... எத்தன நாளா?"

"அவன் வந்த நாளுலயிருந்து."

சொல்லி முடிக்கும் முன் இருமல் பிடித்துக்கொண்டது. முந்தானையை வாயில் பொத்தினாள். இருமல் ஓய்ந்ததும் அந்த முனையைப் பார்க்காமலே சுருட்டி இடுப்பில் செருகினாள். பழகிய கை.

வட்டலை வாங்கச் செல்லமுத்து கையை நீட்டினான். நீட்டிய கையை மெல்ல இழுத்துக்கொண்டான்.

"அதக் கழுவித் தனியா வைம்மா. நீயே பொழங்கு."

"அதத்தானப்பா நானும் நெனச்சேன்" என்று பாவாயி வட்டலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

குழியில் எல்லாம் எரிந்து அடங்கியிருந்தது. சாம்பல் கால் குழிகூட இல்லை. செல்லமுத்து மண்வெட்டியை எடுத்தான். வெட்டிப்போட்ட மண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு குழியை மூடாமல், மண்வெட்டியைக் கொட்டகைச் சுவரில் சாத்தி வைத்துவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனான்.