குப்பைத்தொட்டிப் பக்கத்துக் கதவு

லீட்ஸ் கால்வாய்க் கரையில் லோர்னா கட்டிய குடியிருப்புக்கு விருது உண்டா இல்லையா என்று முடிவு செய்ய, நடுவர்கள் லண்டனிலிருந்து ரயிலேறி வந்திருந்தார்கள். ஐம்பது வயது தாண்டும்வரை பள்ளிக்கூடக் கழிப்பறை, நூலகக் கூரை, பல் டாக்டர் வீட்டு மாடி என்று பிளான் போட்டே தேய்ந்த ஆர்க்கிடெக்ட் லோர்னா. இந்த விருது வந்தால் பெரிய வேலைகள் வரும். வராவிட்டால் ஆபீசை இழுத்து மூட வேண்டியதுதான்.

கட்டடத்துக்கு இரண்டு வாசல். கால்வாயைப் பார்த்த வாசலில் கண்ணாடிக் கதவு, ஓக் மரப் பலகை, பூ ஜாடி, கோட்டுப் போட்ட வரவேற்பாளர். அது விலை கொடுத்து வாங்கியவர்களுக்கு. சந்துப் பக்கம் குப்பைத்தொட்டிகளை ஒட்டி ஓர் இரும்புக் கதவு. அது நகராட்சி கவுன்சில் மூலம் குறைந்த வாடகைக்கு வந்தவர்களுக்கு. லோர்னா முதலில் வரைந்தது என்னவோ ஒரே வாசல்தான். "வாங்குறவங்க முகம் சுளிப்பாங்க, லோர்னா" என்றான் பணம் போட்டுக் கட்டி விற்கிற கம்பெனிக்காரன். மத்தியானச் சாப்பாடு முடிவதற்குள் இரண்டாவது கதவை வரைந்து நீட்டிவிட்டாள். சண்டை போட்டாளா என்றால் இல்லை. ஒரு பெருமூச்சாவது விட்டாளா என்றால் அதுவும் இல்லை.

இத்தனைக்கும் கவுன்சில் வீட்டில் வளர்ந்தவள். மேடையேறினால் அதைச் சொல்லாமல் இறங்கமாட்டாள். அவள் அக்கா பாலினுக்கு, கவுன்சில் காத்திருப்புப் பட்டியலில் முறை வந்தபோது, இதே கட்டடத்தின் வாடகைப் பகுதியில் வீடு கிடைத்தது. என் தங்கச்சி கட்டின வீடு என்று பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்களிடமெல்லாம் சொல்லித் தீர்த்துவிட்டாள் பாலின்.

நடுவர்களை லோர்னா முன்வாசல் வழியாக அழைத்துவந்து, மாடித்தோட்டத்தைக் காட்டி, அப்படியே ரயிலேற்றிவிடத் திட்டம் போட்டிருந்தாள். சந்துப் பக்கம் போகிற எண்ணமே அவளுக்கு இல்லை. நடுவர்கள் முன்வாசலுக்குள் நுழைந்து நின்றபோதுதான், தூறலில் நனைந்தபடி, கையில் தகர டப்பாவோடு, கண்ணாடிக் கதவுக்கு வெளியே பாலின் வந்து நின்றாள்.

"உங்க கதவு அந்தப் பக்கம், மேடம்" என்றார் வரவேற்பாளர், கதவைப் பாதி திறந்து.

"தெரியும் தம்பி. நடுவருங்களுக்கு எலுமிச்சை கேக் செஞ்சேன். குடுத்துட்டு ஓடிடறேன்."

"இப்படி விடக்கூடாதுங்க. அப்புறம் என்னைத் திட்டுவாங்க."

பாலின் அவர் தோளுக்கு மேலாக எட்டிப்பார்த்துக் கையை ஆட்டினாள். தலைமை நடுவர் ஃபெலிசிட்டி திரும்பினாள். "யாரு அவங்க? மழையில எதுக்கு நிக்க வைக்கிறாங்க?"

"இங்க குடியிருக்கறவங்க" என்றாள் லோர்னா. "வாடகைப் பக்கம்."

பாலினின் கை பாதியில் நின்றது. தங்கையின் முகத்தை ஒரு கணம் பார்த்தாள்.

ஃபெலிசிட்டி தானே போய்க் கதவை முழுசாகத் திறந்தாள். "உங்களுக்குத் தனி வாசலா? இது என்னங்க அநியாயம்?"

"அநியாயமா? நாங்களே கேட்டு வாங்கின கதவுங்க அது!" என்றாள் பாலின். "பஸ் ஸ்டாப்புக்குப் பக்கம். இந்த வாசல்ல வந்தா ஷூவைத் தொடைச்சே ஆயுசு போயிடும்."

நடுவர்கள் சிரித்தார்கள். ஃபெலிசிட்டியும்தான். "கட்டினவங்களை உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்கு எங்கங்க தெரியும்? யாரோ நல்ல மனசுக்காரங்க. இந்தாங்க, கேக் சாப்பிடுங்க."

லோர்னா அப்போது வாயைத் திறந்திருக்கலாம். திறந்தாள், கேக் சாப்பிட.

விருது கிடைத்தது. குடியிருப்பவர்களே விரும்பிக் கேட்ட தனி வாசல் என்று ஃபெலிசிட்டி மேடையில் தனியாகப் பாராட்டினாள். அரங்கமே கைதட்டியது. லோர்னாவுக்குக் காதும் கழுத்தும் எரிந்தன. இப்படி ஒரு வெட்கத்தை அவள் ஆயுளில் பட்டதில்லை. ஆனாலும் குனிந்து நன்றி சொல்லிவிட்டுத்தான் இறங்கினாள்.

மறுநாள் கேக் டப்பாவைத் திருப்பிக் கொடுக்கச் சந்துப் பக்கம் போனாள். தான் வரைந்த கதவுதான், ஆனால் ஒருநாளும் அதைத் தொட்டுத் திறந்ததில்லை. தள்ளினாள், அசையவில்லை.

"தோளால இடி!" என்று உள்ளேயிருந்து பாலின் குரல். "ஓ, நீயா? விருது வாங்கினவங்க இந்தப் பக்கமெல்லாம் வரலாமா, கண்ணு?"

இடித்துக்கொண்டு உள்ளே போனாள் லோர்னா. நடைபாதையில் குப்பை நாற்றம் அடித்தது.

"பாலின், நீ என் அக்கான்னு நான் அன்னிக்குச் சொல்லல."

"அதை விடு. உன் பொழைப்பு."

"கோவமா இல்லையா உனக்கு?"

பாலின் டப்பாவை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "கோவமில்லை. எனக்கு இது வெறும் கதவாத்தான் இருந்துச்சு, லோர்னா. வருவேன், இடிப்பேன், உள்ள போவேன். அன்னிக்கு உன் மூஞ்சியப் பார்த்தேன் பாரு, அதுலேருந்துதான் யாராவது பார்க்கிறாங்களான்னு சுத்திப் பார்த்துட்டு நுழையறேன்."